படபடக்கும் நெஞ்சும் பழைய ஈசிஜிகளும்: இதய நோய் பயத்தோடு வாழ்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இதையெல்லாம் சொல்ல நீங்கள் யார்? மருத்துவரா?

இல்லை. மண்டபத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். வயது 53. 2011இல் என் மூத்த அண்ணன் வாடியில் மீன் எடை போட்டுக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். அவருக்கு அப்போது 49 வயது. அந்த மாதத்திலிருந்து எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. இதுவரை 31 ஈசிஜி, ஐந்து எக்கோ, மூன்று டிரெட்மில், ஓர் ஆஞ்சியோ எடுத்துவிட்டேன். எல்லாம் சரியாகவே வந்தன. கணக்கப்பிள்ளைக்கு இப்படி ஒரு கோளாறு என்று கரையில் பரவியதும், தங்கச்சிமடத்திலிருந்து தொண்டி வரை அதே கோளாறு உள்ளவர்கள் தயங்கித் தயங்கி வந்து பேசினார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் என் உடம்பு கற்றுக்கொடுத்ததையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பரிசோதனை எல்லாம் சரி என்கிறார்கள். அப்படியானால் என் படபடப்பு பொய்யா?

பொய் இல்லை. நெஞ்சு உண்மையாகவே அடிக்கிறது, கை உண்மையாகவே மரத்துப்போகிறது. "ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பிவிடும் மருத்துவர் பாதியைத்தான் சொல்கிறார். மீதிப் பாதியை யாரும் சொல்லாததால் நாம் அடுத்த ஊர் மருத்துவரைத் தேடிப் போகிறோம்.

அந்த மீதிப் பாதி இதுதான். பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகம் எடுக்கிறது, வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. மூச்சும் நாம் அறியாமலே வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் நுனியும் உதட்டோரமும் குறுகுறுக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். இவ்வளவையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிற மனம் "வந்துவிட்டது" என்று முடிவு கட்டுகிறது. பயம் இரட்டிக்கிறது, அட்ரினலினும் இரட்டிக்கிறது. இப்படி ஏறுகிற பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானே இறங்கும். இறங்கும் என்பதை அந்த நேரத்தில் நம்ப முடியாது. நானும் நம்பியதில்லை.

சிலருக்கு ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது தொண்டை வரை எகிறும். வல்லம் என்கிற நாட்டுப்படகின் இஞ்சின் ஓர் அடி தவறிப் பிறகு உலுக்கி ஓடுவதைப் போலிருக்கும். உண்மையில் துடிப்பு எதுவும் விட்டுப்போவதில்லை. ஒரு துடிப்பு முந்தி வந்துவிடுகிறது, அதன் பின் சிறு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் இதயத்தில் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் நிறைவதால் அடுத்த அடி பலமாக விழுகிறது. 24 மணி நேர ஹோல்டர் கருவியைக் கட்டிப் பார்த்தால் நல்ல இதயம் உள்ளவர்களிலும் மிகப் பலருக்கு இது பதிவாகும். அவர்கள் கவனிப்பதில்லை. நாம் காவலுக்கு உட்கார்ந்திருப்பதால் கவனிக்கிறோம்.

இந்தக் கோளாறு இந்தக் காலத்து வாட்ஸ்அப்பால் வந்தது என்பாரும் உண்டு. 1871இல் ஜேக்கப் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார். படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று வந்தவர்களின் இதயத்தில் நோய் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குச் 'சிப்பாய் இதயம்' என்றே பெயர் விழுந்தது. அவர்கள் யாரிடமும் கைப்பேசி இல்லை.

வாய்வா, பயமா, மாரடைப்பா? எப்படிப் பிரிப்பது?

வீட்டில் உட்கார்ந்து முழு உறுதியாகப் பிரிக்க முடியாது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். என் அண்ணன் அன்று விடியற்காலையிலிருந்து "வாய்வுப் பிடிப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். குடித்துவிட்டு வேலைக்குப் போனார். அவருக்குப் பயம் கொஞ்சமும் இல்லை, எனக்கு அளவுக்கு மேல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரம்பு போட்டுக்கொள்வதுதான் வேலை.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது, இறுக்கம் இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, சில்லென்று வியர்க்கிறது, வாந்தி வருகிறது, மூச்சு முட்டுகிறது, மயக்கம் வருகிறது, கால் மணி நேரமாகியும் விடவில்லை என்றால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். உழைக்கும்போது வந்து, உட்கார்ந்ததும் அடங்குகிற நெஞ்சிறுக்கமும் அலட்சியத்துக்கு உரியது இல்லை. வலை இழுக்கும்போதெல்லாம் வருகிறது, நிறுத்தினால் போய்விடுகிறது என்றால் அந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலே, வெறும் அசதி, மூச்சு வாங்கல், மேல்வயிற்று வலி என்றும் வரும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் இதைக் கடல் தண்ணீரில் நின்ற அசதி என்று தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது.

விரல் நுனியால் ஓர் இடத்தைத் தொட்டு "இங்கேதான்" என்று காட்ட முடிகிற வலி, அழுத்தினால் கூடுகிற வலி, ஊசி குத்துவதுபோல் ஓரிரு விநாடி வந்து மறைகிற வலி ஆகியவை பெரும்பாலும் தசையிலோ விலாவிலோ வருபவை. இரவு மீன் குழம்பும் சோறும் சாப்பிட்ட கையோடு படுத்தால் நெஞ்சு எரிவது இரைப்பை அமிலத்தால். இவையும் "பெரும்பாலும்" மட்டுமே. புதிதாக, வழக்கத்துக்கு மாறாக எது வந்தாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஏற்கெனவே அவர் பார்த்து, இது இன்னது என்று சொன்ன அதே பழைய விருந்தாளி திரும்ப வந்தால், உட்கார இடம் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

பயந்து பயந்து அழுத்திப் பார்த்தே வலியை உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. ஒரு வருடம் என் இடது மார்பில் ஓர் இடம் தொட்டாலே வலித்தது. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்த மருத்துவர், "இந்த வலி உங்கள் விரல் கொடுத்தது" என்றார்.

108ஐக் கூப்பிட்டுப் போய், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டால் அவமானமாக இருக்குமே?

இருக்கட்டும். மேலே சொன்ன அறிகுறிகளோடு போனால் அவமானப்பட ஏதுமில்லை. தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தொலைவில் இருக்கிற நமக்கு இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஈசிஜி நன்றாக இருந்தும் மறுநாள் இறந்துபோனார் என்கிறார்களே?

நடக்கிறது. ஈசிஜி அந்த நிமிடத்து மின்னோட்டத்தின் படம்தான், அடுத்த வருடத்துக்கு எழுதிக் கொடுக்கிற ஜாமீன் இல்லை. மாரடைப்பு தொடங்கிய முதல் மணி நேரத்தில்கூட ஈசிஜி சரியாக இருக்கலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் சில மணி நேரம் படுக்க வைத்து மறுபடி எடுக்கிறார்கள், இதயத் தசை பழுதுபட்டால் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையையும் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்கிறார்கள்.

நம்மைப் போன்றவர்கள் இந்தப் பதிலைக் கேட்டதும், "அப்படியானால் என்னுடையதும் தவறாக இருக்கலாமே" என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவோம். இருக்கலாம்தான். மிக மிகச் சிறிய அளவில் எப்போதும் இருக்கலாம். இந்த "இருக்கலாம்" பூஜ்யமாகும் வரை பரிசோதித்துக்கொண்டே போவேன் என்று நான் 31 ஈசிஜி எடுத்தேன். பூஜ்யமாகவே இல்லை. ஒவ்வொன்றும் கொடுத்த நிம்மதி குறைந்துகொண்டே வந்தது. முதல் ஈசிஜிக்கு நான்கு மாதம் தூங்கினேன். இருபதாவது ஈசிஜி எடுத்துவிட்டு ராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன், உச்சிப்புளி வருவதற்குள் "கருவி பழசோ" என்று தோன்றிவிட்டது.

அப்படியானால் எதைத்தான் பரிசோதிப்பது?

இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு. கேட்க அலுப்பாகத்தான் இருக்கும். டிரெட்மில், ஆஞ்சியோ என்றால் பெரிய விஷயமாகத் தெரிகிறது, அழுத்தம் பார்ப்பது அற்பமாகத் தெரிகிறது. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் செய்த பெரிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பின்மை, மது என்று ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் ஆபத்தில் சுமார் 90 சதவீதத்துக்குக் காரணம் என்று அது கண்டது. அதே ஆய்வு, நம் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற நடு வயது 53 என்றும் மற்றவர்களுக்கு 59 என்றும் காட்டியது. எனவே நம் பயத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. அதிலும் அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்குள் மாரடைப்பு கண்டிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எனக்கும் மருத்துவருக்கும் உள்ள ஒப்பந்தம் இது: வருடத்துக்கு ஒருமுறை, நான் தேர்ந்தெடுக்காத ஒரு தேதியில், அவர் சொல்கிற பரிசோதனை. இடையில் புதிய அறிகுறி வந்தால் மட்டும் போகலாம். ஒரே மருத்துவர்தான், மாற்றக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு நான் சம்மதிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று.

நாடியை எண்ணாமல் இருக்க முடியவில்லை. என்ன செய்வது?

இதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம். ஐஸ் கட்டிகளின் வரவு செலவு எழுதுகிற அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் நாடித் துடிப்பை எழுதி வந்தேன். காலை 6 மணி 78, டீக்குப் பிறகு 88, மாடிப்படி ஏறியதும் 112. கணக்கு எழுதுகிறவனுக்கு எதையும் பதிவு செய்தால்தான் அது கட்டுக்குள் இருப்பதாக நினைப்பு. ஒருநாள் முதலாளி தவறான பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இது எந்தப் படகுக் கணக்கு, கணக்கப்பிள்ளை?" என்றார்.

ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. நம் ஊர் வெயிலில், புழுக்கத்தில், தண்ணீர் போதாமல் இருந்தால் கூடும். எழுந்து நின்றால் கூடும். எண்ணப் போகிறோம் என்ற நினைப்பிலேயே கூடும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் வீட்டுக்கு வீடு வந்தது. நோய் போன பின்பும் அது அலமாரியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிறது. இப்போது கைக்கடிகாரமே எண்ணிக் கொடுக்கிறது.

ஒரே நாளில் நிறுத்த முயன்று பலமுறை தோற்றேன். உளவியல் ஆலோசகர் சொன்ன வழி பலித்தது. நிறுத்த வேண்டாம், தள்ளிப்போடுங்கள் என்றார். எண்ணத் தோன்றினால் பத்து நிமிடம் கழித்து எண்ணலாம் என்று உங்களுக்கே வாக்குக் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு வேலை கொடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் வேண்டுமென்றால் எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் எண்ணினேன். மூன்றாம் வாரம் பத்தில் நான்கு தடவை மறந்துவிட்டேன். மறந்தது தெரிந்ததும் பதறி எண்ணினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிமீட்டரைக் கீழக்கரையில் ஆஸ்துமா உள்ள சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். இணையத்தில் அறிகுறியைத் தேடுவதும் நாடி பார்ப்பதும் ஒரே பழக்கம்தான். அதற்கும் இதே வைத்தியம்.

என் கணவர் ஒரு நாளைக்கு இருபது தடவை "எனக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

இதைக் கேட்டவர் பாம்பனிலிருந்து ஒரு தங்கை. "ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அரை மணி நேரத்தில் திரும்பக் கேட்கிறார், "எனக்குத் தெரியாது" என்றால் சண்டைக்கு வருகிறார் என்றார். என் மனைவியும் அந்த வழியில் நடந்தவர்தான்.

ஒவ்வொரு "ஒன்றும் ஆகாது" என்பதும் ஒரு சின்ன ஈசிஜி. குடித்ததும் தாகம் அடங்கி, கொஞ்ச நேரத்தில் முன்னைவிட நா வறள்கிற உப்புத் தண்ணீர் அது. அதற்காகத் திடீரென்று வாயை மூடிக்கொண்டாலும் அது கொடுமை. நல்ல நேரம் பார்த்து, அவர் பதறாமல் இருக்கும்போது உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். "நீங்கள் கேட்டால் ஒருமுறை பதில் சொல்வேன். இரண்டாம் முறை கேட்டால், பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்" என்று சொல்லிவையுங்கள். என் மனைவி அப்படித்தான் செய்தார். "பயமாக இருக்கிறதா?" "ஆமாம்." "சரி, வெங்காயத்தை உரியுங்கள்." ஆறுதல் சொல்லி அடங்காத எத்தனையோ மாலைகளை அந்தக் கூடை வெங்காயம் கரையேற்றியது.

திட்டாதீர்கள். பிள்ளைகள் முன்னால் கேலி செய்யாதீர்கள். மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகள் இருந்தால் மட்டும் இந்த ஒப்பந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் பயம் கூடுவது ஏன்?

எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், பலரும் கேட்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2001இல் தடை வந்தபோது 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். உழைத்துப் பழகிய உடம்பு திடீரென்று சும்மா உட்காருகிறது. வருமானம் நிற்கிறது, கடன் நிற்பதில்லை. பகலில் தூங்கி, இரவில் விழித்துக்கொண்டு, தன் நெஞ்சடிப்பைத் தானே கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். ஐஸ் தொழிற்சாலையிலும் இயந்திரம் ஓய்ந்து அமைதியாக இருக்கும். இயந்திரச் சத்தம் இருக்கிறவரை என் நெஞ்சுச் சத்தம் எனக்குக் கேட்பதில்லை.

சிலர் இந்த நாட்களில் குடியைக் கூட்டிவிடுகிறார்கள். இரவில் பயம் அமுங்குவதுபோல் இருக்கும், விடியும்போது படபடப்பாகத் திரும்பி வரும். காலையில் நடப்பது, வலை பொத்துவது, படகுக்குச் சாயம் அடிப்பது என்று மூச்சு வாங்கும்படி ஏதாவது ஒரு வேலையை நாளில் அரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். உழைத்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், நிறுத்தினால் தணியும் என்பதை உடம்பு தினமும் பார்த்துக்கொண்டிருப்பதே பாதி மருந்து.

நடுக்கடலில் மாரடைப்பு வந்தால்?

இதற்குப் பசப்பான பதில் இல்லை. கரையில் இருப்பவனைவிட உதவி உங்களுக்குத் தாமதமாகத்தான் கிடைக்கும். ஆகவே கரையில் இருக்கும்போதே அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, வேண்டிய மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது மற்றவர்களைவிட உங்களுக்கு அவசியம். அவசரத்துக்கு ஆஸ்பிரின் வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்திருங்கள். இரைப்பைப் புண்ணோ ஒவ்வாமையோ இருப்பவர்களுக்கு அது ஆகாது. கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554 படகில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் மீதமிருக்கிற பயம் ஒன்று உண்டு. அதைப் படகில் ஏற்றிக்கொண்டு போங்கள். இலங்கைக் கடற்படை பிடிக்குமா, காற்று மாறுமா, மீன் பாடு கிடைக்குமா என்று எதற்கும் உறுதிச்சீட்டு இல்லாமல்தான் இத்தனை வருடமும் போனீர்கள். நெஞ்சுக்கு மட்டும் உறுதிச்சீட்டு கேட்கிறீர்கள். படகு வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியிடம் இதைச் சொன்னேன். "அது பழகிவிட்டது, இது பழகவில்லை" என்றார். அவர் சொன்னதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

கொரோனா ஊசியால்தான் திடீர் மரணங்கள் என்கிறார்களே?

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், 17ஆம் தேதி, மாரடைப்பால் காலமானார். அந்த வருடம் எனக்கு 49 வயது, அண்ணன் போன வயது. நான் எந்த நிலையில் இருந்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பின்னர் ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு அறிவித்தது. 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களின் விளக்கமில்லாத திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்றே கண்டது. குடும்பத்தில் அப்படி மரணம் நடந்திருப்பது, கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, ஒரே மூச்சில் அதிகம் குடிப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டின. ஊசியைப் பற்றிப் பயப்படுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றிப் பயந்து நான் பார்த்திருக்கிறேன் என்று கேட்டால், ஒருவரும் இல்லை.

மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். என்னை ஏர்வாடிக்கு அனுப்பப் பார்க்கிறார்களா?

நம் கரையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஏர்வாடி என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மனநலம் என்ற சொல்லோடு சங்கிலிச் சத்தமும் சேர்ந்து கேட்பதில் வியப்பில்லை. அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. இப்போது ஏர்வாடி தர்காவிலேயே துவா என்கிற வேண்டுதலோடு மருந்தும் கொடுக்கிற அரசுத் திட்டம் இருக்கிறது.

நமக்குத் தேவைப்படுவது இதையெல்லாம்விட மிகச் சாதாரணமானது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு வாங்கி உட்கார்ந்தால், வரிசையில் பாதிப் பேர் தூக்கம் இல்லை, தலைவலி என்று வந்தவர்கள். எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று நான் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர் எனக்கு மூன்று பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நேரில் போகத் தயக்கமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய ஒன்றிய அரசின் சேவை அது. இந்தப் பயத்தோடு வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று ஒரு நொடி தோன்றினாலும் அந்த எண்ணைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டால் பழக்கமாகிவிடுமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. பதற்றத்துக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தொடங்குகிற செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை போதை தருபவை இல்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் ஓரிரு வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம். இதை யாரும் சொல்லாததால் நான் மூன்றாம் நாளே தூக்கி எறிந்தேன், எட்டு மாதம் வீணாயிற்று. நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் வகை வேறு. உடனே அமைதி தரும், பழக்கமாகவும் ஆகும். தெரிந்த மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

மந்திரிக்கலாமா, ஓதிப் பார்க்கலாமா?

செய்யுங்கள், மாத்திரையை நிறுத்தாமல். என் அம்மா தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்கு வேண்டிக்கொண்டார், பக்கத்து வீட்டு லாத்தா ஓதிய தண்ணீர் கொடுத்தார். இரண்டையும் மறுக்கவில்லை. அவர்கள் என்னை அவமானப்படுத்தாமல் அக்கறை காட்டிய வழி அது. "காற்றுக் கருப்பு அடித்திருக்கிறது" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

கருவாடு சாப்பிடலாமா?

அளவாக. ஒருவருக்கு நாளுக்கு ஐந்து கிராம் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு துண்டு நெய்மீன் கருவாட்டை நினைத்துக்கொண்டே நான் இந்த வரியை எழுதுகிறேன்.

எனக்குப் பயம் வரும் இடங்களுக்கே போவதில்லை. அது தவறா?

தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் விலை அதிகம். என் வரைபடம் வருடத்துக்கு வருடம் சுருங்கியது. மருத்துவமனை பக்கத்தில் இல்லாத இடங்களுக்குப் போக மாட்டேன். பாம்பன் பாலத்தில் பஸ் நின்றால் என்ன ஆகும் என்று பாலத்தையே தவிர்த்தேன். மண்டபத்தில் இருந்துகொண்டு ஆறு வருடம் ராமேசுவரம் போகாதவன் நானாகத்தான் இருப்பேன். மைத்துனி கல்யாணத்துக்குப் போகாமல் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

ஆலோசகர் ஒரு தாளில் ஏணி வரையச் சொன்னார். கீழ்ப்படி, பாலத்தின் இந்த முனையில் பத்து நிமிடம் நிற்பது. அடுத்தது மனைவியோடு பஸ்ஸில் பாம்பன் போய்த் திரும்புவது. பிறகு தனியாக. பிறகு தங்கச்சிமடம், ராமேசுவரம். பிறகு முகுந்தராயர் சத்திரம். கடைசிப் படி அரிச்சல்முனை. இரண்டு பக்கமும் கடல், பின்னால் 1964 புயல் விழுங்கிய தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம், மருத்துவமனை என்று எதுவும் இல்லை. சாலையே அங்கே முடிகிறது. எனக்கு நரகம் என்றால் அந்தச் சாலை முடிகிற இடம்தான்.

விதி ஒன்றே ஒன்று. பயம் உச்சிக்குப் போகும்போது ஓடி வரக் கூடாது, அது தானாக இறங்கும் வரை நிற்க வேண்டும். மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடலாம், ஆனால் பயத்தை விரட்டுவதற்காகச் செய்யக் கூடாது, பயத்தோடு நிற்பதற்காகச் செய்ய வேண்டும். முதல் படியிலேயே கால் நடுங்கியது. அதே படியை ஒன்பது தடவை செய்தேன். பத்தாவது தடவை பாலத்தின் கீழே போன வல்லத்தில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், நெஞ்சைக் கவனிக்கவில்லை. மொத்த ஏணிக்கும் ஏழு மாதம் ஆயிற்று. அரிச்சல்முனையில் நின்றபோது நெஞ்சு நன்றாகவே படபடத்தது. மகள் அன்னாசித் துண்டில் மிளகாய்த்தூள் தூவி வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

ஏணி ஏறுவதற்கு முன் இதயத்துக்கு உண்மையான நோய் இல்லை, நடக்கலாம் ஏறலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். அது முக்கியம்.

உண்மையிலேயே இதய நோய் இருப்பவர்களுக்கு?

அவர்களுக்கும் இந்தப் பயம் வரும், நியாயமாகவே வரும். ஸ்டென்ட் வைத்த பெரியவர் ஒருவர் படுக்கையை விட்டே இறங்காமல் இரண்டு வருடம் இருந்தார். இறங்கி நடக்கச் சொன்னதும் மருத்துவர்தான். எவ்வளவு உழைக்கலாம் என்று அவரிடம் கணக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் பயத்திடம் கேட்காதீர்கள். எனக்கு 2019இல் இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. எட்டு வருடமாக இல்லாத நோயைத் தேடியவனுக்கு உள்ள நோய் ஒன்று கிடைத்தது. தினம் ஒரு மாத்திரை, உப்புக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், அதைப் பற்றி எனக்குப் பயமே வரவில்லை. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

இது முழுதாகப் போய்விடுமா?

சிலருக்குப் போகிறது. பலருக்குக் குறைகிறது. இங்கிலாந்தில் இதயப் பிரிவு உள்ளிட்ட மருத்துவமனைப் பிரிவுகளுக்கு வந்த 444 பேரிடம் செய்த ஆய்வில், பயத்தைக் கூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றுகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடத்தில் பயம் இயல்பு நிலைக்கு வந்தவர்கள் சுமார் 14 சதவீதம், பெறாதவர்களில் சுமார் 7 சதவீதம். இரட்டிப்புதான், ஆனாலும் நூற்றில் 14 பேர். மற்றவர்களிலும் பலருக்குச் சுமை குறைந்தது. ஆறு வாரத்தில் ஒழித்துக் கட்டுகிறேன் என்று காணொளியில் சொல்கிறவர்களிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குப் போகவில்லை. வாடைக்காற்று தொடங்கும் மாதத்தில், அண்ணன் நினைவு நாளையொட்டி ஒரு வாரம் வந்து தங்கும். போன தடவை மூன்று நாளில் கிளம்பிவிட்டது.

பழைய ஈசிஜி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் என்ன செய்வது?

தினமும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவராக இருந்தால் வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். எரித்துவிடாதீர்கள். அவசரத்தில் போகும்போது பழைய ஈசிஜி ஒன்று கையில் இருந்தால், புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். என் கட்டு மனைவியிடம் இருக்கிறது. கடைசியாக எடுத்ததன் நகல் மட்டும் என் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறையில். அது மருத்துவருக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். மனைவி நம்புவதில்லை.